பழைய ரம்மும் பாலக்கோட்டு வெல்லமும்

சென்ற தை மாதத்தில் ஒரு வழக்கு விஷயமாகப் பாலக்கோட்டுக்குப் போயிருந்தோம். கரும்பு வெட்டும் பருவம். ரயிலடியிலிருந்து ஊருக்குள் வரும்போதே வெல்லம் காய்ச்சும் வாசனை காற்றில் வந்தது. அன்று மாலை ஒரு வக்கீல் நண்பரின் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நண்பர் உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானா தேசத்தில் வடித்து, 15 வருஷம் மரப்பீப்பாயில் வைத்திருந்த ரம் அது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், சுங்கச் சட்டம் பிரயாணிக்கு அனுமதிக்கும் அளவுக்குள் கொண்டுவந்து கொடுத்தாராம். நண்பர் இத்தகைய பழைய ரம்களைச் சேர்த்து வைப்பதில் ஆசையுள்ளவர். ஆளுக்கு அரை அவுன்ஸுக்கு மேல் ஊற்றமாட்டார். அதையும் அரைமணி நேரம் வைத்திருந்து அருந்த வேண்டும் என்பார்.

கூட்டத்தில் ஒரு முதியவர் இருந்தார். நாற்பது வருஷம் வெல்லம் காய்ச்சியவர். மது அருந்தும் வழக்கம் இல்லாதவர். நண்பர் அவரிடம் கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டி, "குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பாருங்கள்" என்றார். முதியவர் முகர்ந்தார். சற்று யோசித்தார். "இது நம்ம கொப்பரை வாசனைங்க, ஐயா. பாகு முறுகி அடிபிடிக்கப் போற சமயத்திலே ஒரு நெடி வருமே, அதேதான்" என்றார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். "அந்த ஊரிலே கரும்பு வெட்டினது யாருங்க?" என்பது ஒன்று. "நம்ம கடையிலே விக்கிற ரம்முலேயும் இந்த வாசனை வருமுங்களா?" என்பது மற்றொன்று.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் அன்று திண்ணையில் சரியான விடை சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஊர் திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்ததில், பழைய ரம்மைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளுக்குள்ளேயே அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

முதல் மதுவிலக்கு ஜில்லா

இப்பத்திரிகையில் மதுவைப் பற்றிய கட்டுரையா என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுடைய எண்ணத்தை நாம் மதிக்கிறோம். பாலக்கோடு இன்று தர்மபுரி ஜில்லாவில் இருந்தாலும், 1965-ம் வருஷம் வரையில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது அந்தச் சேலம் ஜில்லாவில்தான். 1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவரும், மதுவிலக்குக்காகவே 1929-ல் 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கியவருமான ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார், பிரதம மந்திரியானவுடன் தம் சொந்த ஜில்லாவிலேயே அந்தப் பரீட்சையை ஆரம்பித்தார். கலால் வருமானம் குறைந்த இடத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரிச் சட்டமும் வந்தது. மதுவினால் வரும் பணம் இல்லாமலும் ராஜாங்கம் நடத்தலாம் என்று காட்டுவதே அதன் உத்தேசம்.

பிற்பாடு நடந்தது யாவரும் அறிந்ததே. யுத்த காலத்தில் மதுவிலக்கு நின்றது. 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி, 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென்று சர்க்கார் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். 2003 முதல் சில்லறைக் கடைகளும் அந்த ஸ்தாபனத்தின் கைக்கே வந்தன. இன்று மதுவினால் ராஜ்ய கஜானாவுக்கு வருஷந்தோறும் வரும் தொகை 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆகையால் மதுவைப் பற்றிப் பேசாமலிருப்பதால் மது இல்லாமற் போய்விடவில்லை. விற்கப்படுவது இன்னதென்று அறியாமல் ஜனங்கள் வாங்குகிறார்கள் என்பதே கண்ட பலன். நாம் குடியை ஆதரித்து எழுதவில்லை. எந்த அளவு மதுவும் தேகத்துக்குத் தீங்கற்றதென்று சொல்லமுடியாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. அதை மறுக்க நாம் முன்வரவில்லை.

வாசனை பிறக்கும் விதம்

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கறுத்த பாகு கழிவுப்பாகு எனப்படும். ரம்மில் பெரும்பகுதி இதைப் புளிக்க வைத்து வடிப்பது. மார்த்தினிக், குவாதலூப் முதலிய பிரெஞ்சுத் தீவுகளில் கழிவுப்பாகை விட்டுப் பச்சைக் கரும்புச் சாற்றையே புளிக்க வைக்கும் வழக்கமும் உண்டு. புளிக்கும் காலம் நீண்டால் வாசனை கனக்கும். ஜமெய்க்காவில் முந்தைய வடிப்பில் மிஞ்சிய அடிக்கஷாயத்தை மறுபடியும் ஊறலில் சேர்க்கிறார்கள். அதனால்தான் அந்த ரம்மை முகர்ந்தால், கனிந்து கறுத்த வாழைப்பழமும் பலாச்சுளையும் ஒன்றாக வைத்த அறையைத் திறந்தது போலிருக்கிறது.

வடிக்கும் பாத்திரமும் முக்கியம். பழைய பானை வடிப்பில் ஒரு தடவைக்கு ஒரு பானைதான். வாசனைப் பொருள்கள் சாராயத்தோடு சேர்ந்து வரும். ஈனியாஸ் காஃபி என்பவர் 1830-ல் உரிமை பெற்ற தூண் வடிப்பில் இடைவிடாமல் வடிக்கலாம், செலவு குறைவு, சாராயம் சுத்தம். ஆனால் சுத்தம் அதிகமாக ஆக வாசனை குறையும். இரண்டையும் தக்க அளவில் கலப்பதே ரம் செய்பவரின் திறமை.

பிறகு பீப்பாய். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை, உட்புறம் கரியாகும்படி சுட்ட புதிய ஓக் மரப்பீப்பாயில்தான் வைக்கவேண்டும். ஒரு தடவை உபயோகித்த பீப்பாய்கள் அவர்களுக்கு உதவாது. அவற்றை ரம் செய்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். மரத்திலிருந்து நிறமும், கிராம்பு, சுக்கு, வறுத்த தேங்காய் போன்ற வாசனைகளும் சாராயத்தில் இறங்குகின்றன. அதே சமயம் மரத்தின் துவாரங்கள் வழியாகச் சரக்கு ஆவியாகிக் குறைந்துகொண்டும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தால், கரீபியன் கடற்கரைகளில் சுமார் ஆறு பங்கு குறைகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 15 வருஷத்தில் ஸ்காட்லாந்தில் நாலில் ஒரு பங்கு போகும். கயானாவில் பாதிக்கும் மேல் போய்விடும். பாலக்கோட்டிலிருந்து நூறு மைலுக்குள் இருக்கும் பெங்களூரில் வருஷத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் குறைகிறதென்று அங்கே வடிப்பவர்கள் சொல்கிறார்கள். பழைய ரம்மின் விலையில் பெரும்பங்கு இப்படிக் காற்றோடு போனதற்கான விலை.

சேர்த்து வைக்க விரும்புகிறவர்கள் அறியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரம்முக்கு வயது ஏறுவது மரத்தில் இருக்கும்போதுதான். பாட்டிலில் அடைத்த பிறகு முப்பது வருஷம் அலமாரியில் வைத்தாலும் அதன் வயது ஒரு நாள்கூட ஏறாது. பாட்டிலை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்கவேண்டும். படுக்க வைத்தால் சாராயம் தக்கையை அரிக்கும். அருந்தும்போது வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிது ஊற்றி, காற்றுப்படச் சற்று நேரம் வைத்து, மூக்கை விளிம்புக்கு மேலே நிறுத்தி, வாயைச் சற்றே திறந்தபடி முகரவேண்டும். பிறகு ஒரு சொட்டு நாவில். மிகக் கடுமையாக இருந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர். இவ்வளவுதான் முறை. முழுங்கிவிட்டு அடுத்ததைக் கேட்பவனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

கரும்பு வெட்டியவர் யார்?

இனி முதியவரின் முதல் கேள்விக்கு வருவோம். அந்தக் கயானா ரம்முக்குக் கரும்பு வெட்டியவர் யார்? நம்மவர்களே.

அடிமை முறை ஒழிந்த பின் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1838-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் 396 இந்தியர்களைப் பிரிட்டிஷ் கயானாவில் இறக்கின. 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1917-ல் ஆள்சேர்ப்பு நிற்கும் வரையில் அங்கே போன இந்தியர் தொகை சுமார் 2,39,000. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்குத் தினந்தோறும் ரம் அளந்து கொடுக்கும் வழக்கம் 1970-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி வரையில் இருந்தது. அந்த ரம்மில் முக்கிய பாகம் கயானாவின் டெமராரா பிரதேசத்துச் சரக்கு. நம்மை அடக்கி ஆண்ட கடற்படையின் பாத்திரத்தில் நம் ஜனங்களின் உழைப்பே ஊற்றப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று ரசிகர்கள் பெரிதும் கொண்டாடுவது போர்ட் மோரன்ட் என்ற தோட்டத்தின் பழைய மரப்பானையில் வடித்த ரம். அப்பானை 18-வது நூற்றாண்டைச் சேர்ந்ததென்பார்கள். இப்போது டெமராரா நதிக்கரையில் டயமண்ட் என்ற இடத்திலுள்ள சாலையில் வேலை செய்கிறது. அதே போர்ட் மோரன்ட் தோட்டத்தில் கரும்புத் தொழிலாளர் குடும்பத்தில் 1918-ல் பிறந்த சேதி ஜகன், 1992-ல் கயானாவின் ஜனாதிபதியானார். அதே 1992-ல் கயானாவின் வடிசாலைக் கம்பெனி 15 வருஷத்து ரம்மைத் தன் சொந்தப் பெயரில் உலகச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கியது. அதற்கு முன் அந்த நாட்டுச் சரக்கு பீப்பாய் பீப்பாயாகப் போய், பிறர் பெயரில் விலையாகிக்கொண்டிருந்தது. அந்த மாறுதலைச் செய்த தலைவர் யேசு பெர்சாட், 1928-ல் டயமண்ட் தோட்டத்திலேயே பிறந்த இந்திய வம்சத்தவர். கரும்பு வெட்டியவர்களின் சந்ததி கரும்பின் கடைசிச் சொட்டுக்கும் விலை நிர்ணயிக்கும் நிலைக்கு வந்ததென்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம்.

பிரெஞ்சுத் தீவுகளின் கதை தமிழர்களுக்கு இன்னும் நெருங்கியது. 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் கொண்டுபோகப்பட்டனர். பாஷை மறந்துபோயிற்று, ஆனால் மாரியம்மனும் மதுரை வீரனும் மறையவில்லை. அங்கே 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சத்தாருக்குப் பிரெஞ்சுப் பிரஜா உரிமை உண்டென்று 1904-ல் வழக்கெடுத்து, 1923-ல் அவ்வுரிமையைப் பெற்றுத்தந்தார். பத்தொன்பது வருஷம் ஒரு வழக்கை விடாமல் நடத்துவது எத்தகைய காரியம் என்பதை வக்கீல் தொழிலில் இருக்கும் நாம் அறிவோம். குவாதலூப் ரம்மைச் சேர்ப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

டிரினிடாட் தீவில் கரோனி என்ற சர்க்கரைக் கம்பெனி 2003-ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களில் மிகப் பலர் இந்திய வம்சத்தார். அடுத்த வருஷம் இத்தாலிய வியாபாரி ஒருவர் அங்கே போய், கிடங்குகளில் கிடந்த பழைய பீப்பாய்களைக் கண்டு வாங்கினார். அந்தச் சரக்கின் சில பாட்டில்கள் இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுனுக்குப் போகின்றன. பிற்பாடு வெளியிட்ட ஒரு வரிசைப் பாட்டில்களில், அச்சாலையின் பழைய தொழிலாளர்களின் படங்களையும் பெயர்களையும் அச்சிட்டார்கள். தொழிலாளியின் முகத்தைப் பாட்டிலில் ஒட்டியது நல்லதுதான். ஆனால் வேலை போன பிறகு வந்த மரியாதை அது. பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பீஜித் தீவின் பெண்களுக்காகப் பாடியது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பழைய ரம்மைக் கையில் எடுக்கும் தமிழன் அந்தப் பாட்டையும் நினைவில் வைத்திருப்பானாகில், அவன் ரசனைக்கு அர்த்தமுண்டு.

நம் கடையில் விற்பது என்ன?

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. நம் கடையில் விற்கும் ரம்மில் அந்த வாசனை வருமா?

நம் நாட்டில் நல்ல ரம் செய்யத் தெரியாதவர்கள் இல்லை. 1855-ல் கசௌலியில் தோன்றிய பழைய சாலையின் வழிவந்த மோகன் மீகின் கம்பெனியார் 1954-ல் வெளியிட்ட 'ஓல்டு மாங்க்', ஏழு வருஷம் வைத்த ரம் என்ற பெயரோடு, விளம்பரமே இல்லாமல் தேசமெங்கும் பரவியது. பெங்களூரில் 1948-ல் தொடங்கிய அம்ருத் சாலையார் நம் நாட்டு வெல்லத்தில் வடித்ததைக் கரீபியன் ரம்மோடு கலந்து ஒரு சரக்கு செய்தார்கள். 2024-ல் வெல்லத்தையே மூலமாகக் கொண்ட முதிர்ந்த ரம் ஒன்றுக்கு 'பெல்லா' என்று பெயரிட்டார்கள். கன்னடம் பேசுவோர் கணிசமாக உள்ள பாலக்கோட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லவேண்டியதில்லை, வெல்லம் என்பதுதான். திம்மனஅள்ளியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்கும் ஊரில், வெல்லக் கொப்பரைகள் எரியும் ஊரில், இச்செய்தியைப் பலர் அறியமாட்டார்கள்.

ஆனால் சாதாரண ஜனங்கள் வாங்குவது இவற்றையல்ல. விஸ்கி, பிராந்தி, ரம் என்று மூன்று பெயரில் விற்கும் மலிவுச் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றே: வாசனையெல்லாம் போகும்படி தூண் வடிப்பில் எடுத்த சுத்தச் சாராயம். அதற்கு நிறமும் மணமும் பிற்பாடு சேர்க்கப்படுகின்றன. கூலி வேலை செய்து திரும்பும் ஒருவன் தன் தினக்கூலியில் பாதியைக் கொடுத்து வாங்கும் பாட்டிலில், சாராயத்தின் பலம் எவ்வளவு என்றும், மது உடல்நலத்துக்குக் கேடு என்றும் எழுதியிருக்கிறது. எதிலிருந்து வடித்தது, எந்த முறையில் வடித்தது, பீப்பாயில் இருந்ததா, இருந்தால் எத்தனை நாள், சர்க்கரை எவ்வளவு சேர்த்தது என்பவற்றையும் அறிய அவனுக்கு வழியிருக்கிறதா?

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்று யாரும் சொல்லவேண்டாம். பின்லாந்து தேசத்தில் 1919 முதல் 1932 வரை பூரண மதுவிலக்கு இருந்தது. அது நீங்கியபோது, விற்பனையைத் தனியாரிடம் விடாமல் 'அல்கோ' என்ற சர்க்கார் ஸ்தாபனத்திடம் கொடுத்தார்கள். சுவீடனிலும் 1955 முதல் 'சிஸ்டம்போலாகெட்' என்ற சர்க்கார் ஸ்தாபனம்தான் விற்கிறது. நம் ராஜ்யத்தைப் போன்ற ஏகபோகமே. ஆனால் அந்த இரு ஸ்தாபனங்களும் தாம் விற்கும் மதுவில் சர்க்கரை எவ்வளவு என்று பகிரங்கமாக வெளியிடுகின்றன. பெரிய பெயருள்ள சில ரம்களில் வயதினால் வந்த மென்மையென்று ரசிகர்கள் கொண்டாடியது சர்க்கரையினால் வந்தது என்ற உண்மை அந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தான் உலகுக்குத் தெரிந்தது. ஐரோப்பிய ஐக்கியத்தின் 2019-ம் வருஷத்து மதுபானச் சட்டம், ரம்மில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் இனிப்புச் சேர்க்கக்கூடாது என்றும், கலப்பில் மிக இளையதன் வயதையே பாட்டிலில் போடவேண்டும் என்றும் விதிக்கிறது. இந்த இரண்டாவது விதி நியாயமானது. பத்துப் பீப்பாயில் ஒன்று 23 வருஷத்தது என்பதற்காகப் பாட்டிலில் 23 என்று போடுவது, பேரன்களுடைய வயதையெல்லாம் பாட்டனார் வயதாகச் சொல்லுவதற்கு ஒப்பாகும்.

நம் அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்து மதுவிலக்கை நோக்கி ராஜ்யம் முயலவேண்டும் என்கிறது. மதுவைப் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் ராஜ்யப் பட்டியலின் 8-வது இனத்தில் இருக்கிறது. அந்த அதிகாரம் தொழிற்சாலைச் சாராயத்துக்கும் உண்டென்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் 2024-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கழிவுப்பாகிலிருந்து கடைசிப் பாட்டில் வரை ராஜ்யத்தின் கை நீளும் என்று ஏற்பட்டுவிட்ட பிறகு, விற்கும் சரக்கைப் பற்றி உண்மை சொல்லும் கடமையும் அதே தூரம் நீளவேண்டாமா?

இரண்டு ஆட்சேபங்கள்

இப்படி விவரம் போட்டால் குடிப்பவர்களுக்கு அது உற்சாகமாகிவிடும் என்பது ஒரு ஆட்சேபம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. திண்ணையில் நம் நண்பர் கொடுத்த அரை அவுன்ஸ் ஒரு மணி நேரம் ஓடியது. பொருளை அறிந்தவன் அளவாக அருந்துவான் என்று எல்லோரைப் பற்றியும் உறுதி சொல்லமுடியாது. ஆனால் அறியாதவன் அளவாக அருந்துகிறான் என்பதற்கு நம் தெருக்களில் ஒரு சாட்சியும் இல்லை.

ஏழைக்கு இதெல்லாம் எதற்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுதான் நமக்கு வருத்தமளிப்பது. 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் தினக்கூலிக்காரர்கள். தான் குடித்தது இன்னதென்று அறியாமலே மாண்டவர்கள் அவர்கள். கள்ளச்சாராயத்துக்கு விவரச் சீட்டு கிடையாது என்பது மெய். ஆனால் சர்க்கார் கடையிலாவது, வாங்கும் பொருளைப் பற்றிக் கேட்டறிவது தன் உரிமை என்று ஏழைக்குத் தெரிந்திருந்தால், யாரோ பொட்டலத்தில் நீட்டுவதை வாங்குமுன் ஒரு கணம் யோசிக்கவும் தோன்றலாம். பணக்காரனின் பாட்டிலில் பீப்பாய் எண் முதல் அடைத்த தேதி வரை அச்சிட்டிருக்கும்போது, ஏழையின் பாட்டிலுக்கு அந்த மரியாதை வேண்டாம் என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

ஆகையால் நாம் கோருவது இரண்டே விஷயங்கள். சர்க்கார் ஸ்தாபனம் தான் விற்கும் ஒவ்வொரு சரக்கைப் பற்றியும், எதிலிருந்து வடித்தது, எந்த முறை, எத்தனை வயது, எவ்வளவு சர்க்கரை, என்ன நிறம் சேர்த்தது என்ற விவரங்களைத் தமிழில் அச்சிட்டுக் கடைதோறும் தொங்கவிட வேண்டும். மதுவிலக்கு வரும் நாள் வரட்டும். அது வரும் வரையில் விற்பவர் உண்மை சொல்லட்டும். இரண்டாவது, பழைய ரம்மை விரும்பிச் சேர்க்கும் நம் படித்த கனவான்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டிலில் எழுதியிருக்கும் வயது பீப்பாயில் இருந்த வருஷங்களை மட்டும் சொல்வது. அந்தத் தோட்டத்தின் பெயரைப் படிக்கும்போது, அங்கே கரும்பு வெட்டப் போனவர்கள் எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்திலிருந்து போனார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

அன்றிரவு நாங்கள் எழுந்தபோது அந்த முதியவர் கிண்ணத்தை மறுபடியும் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, ஒரு சொட்டும் அருந்தாமல் திண்ணையில் வைத்தார். "வெட்டினவங்க பேரு தெரிஞ்சா நல்லா இருக்குமுங்க" என்றார். அவருக்குச் சொல்லவேண்டிய விடையில் ஒரு பகுதியை இங்கே எழுதியிருக்கிறோம். மற்றப் பகுதியைச் சொல்லவேண்டியவர்கள் சர்க்கார்.